பனியன் கம்பெனிக்காரர் வீட்டுப் பிள்ளை பாலே கற்றுக்கொள்ள முடியுமா?

கேட்டவர்: செக்கிங் டேபிள் (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. நான் பெருமாநல்லூர் ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். வீட்டுக்காரர் இன்னொரு கம்பெனியில் கட்டிங்கில் இருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள். எட்டு வயது, மூன்றாவது படிக்கிறாள்.

போன பொங்கலுக்கு முன்னால் எங்கள் கம்பெனிக்குச் சின்னப் பிள்ளைகள் உடுப்பு ஆர்டர் ஒன்று வந்தது. காட்டன் லைக்ரா துணி, நீச்சல் உடை மாதிரி உடம்போடு ஒட்டி நிற்கும். லியோடார்ட் என்று ஸ்டிக்கரில் இருந்தது. எதற்குப் போடுவது என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். பாலே டான்ஸ் ஆடுகிற பிள்ளைகள் போடுவது என்றார். கழுத்துப் பக்கம் தையல் விட்டுப்போன கறுப்புப் பீஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, சரி பண்ணி மகளுக்குக் கொடுத்தேன். அங்கே ஆரம்பித்தது எல்லாம்.

பாலே என்றால் என்ன என்று போனில் தேடிப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நிற்கிறாள். குக்கர் விசில் வரும் வரைக்கும் இறங்குவதில்லை. தண்ணீர்க் குடம் எடுக்கப் போனால்கூடக் காலை நீட்டி நீட்டி வைத்து நடக்கிறாள். மற்ற விளையாட்டு எதிலும் இவ்வளவு பிடிவாதம் அவளிடம் நான் பார்த்ததில்லை.

என் மாமியார், பொட்டப்பிள்ளை காலை ஒடித்துக்கொண்டால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்கிறார். வீட்டுக்காரர், டான்ஸ்தான் வேண்டுமென்றால் பரதநாட்டியத்தில் சேர்த்துவிடு, அதுவாவது நம்முடையது என்கிறார். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

போன வாரம் படுக்கும்போது மகள் கேட்டாள்: "ஏம்மா, அதுல ஆடுற பிள்ளைக எல்லாம் வெள்ளையா, ஒல்லியா இருக்காங்களே. நான் ஆடினா ஒத்துக்குவாங்களா?" அவள் என் நிறம், கொஞ்சம் பூசினாற்போல உடம்பு. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் எப்போதும் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். தூங்கு சாமி என்று சொல்லிவிட்டேன். அப்புறம் எனக்குத்தான் விடிய விடியத் தூக்கம் இல்லை.

அந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். அப்படி என்ன இருக்கிறது அதில்? இது பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆனதா? நம் பக்கம் எங்கே சொல்லித்தருகிறார்கள், என்ன செலவாகும்? நுனிக்காலில் நிற்பதால் கால் கெட்டுப்போகுமா? அவளிடம் நான் என்ன சொல்லட்டும்?

---

பதில்: அவிநாசி அப்பா

சகோதரி, என் பெரிய மகளை இரண்டு வருடத்துக்கு முன் கோயமுத்தூரில் ஒரு வகுப்பில் சேர்த்திருந்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். வாரம் இரண்டு நாள். ஃபீஸ் ஒரு பக்கம், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அதே அளவு ஆனது. சனிக்கிழமை லோடு ஏற்றுவதை விட்டுவிட்டு நான்தான் கூட்டிப்போவேன். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் வேறு. மூன்றாவது மாதமே, ஆண்டு விழா வருகிறது என்று சொல்லி, விரல் நுனியில் நிற்பதற்கென்று செய்த, நுனி கட்டியான ஷூவை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆன்லைனில் வாங்கச் சொன்னார்கள். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மாட்டிக்கொண்டு நின்றாள், நாலாம் நாள் பெருவிரல் நகம் கறுத்துப்போனது. வலிக்கிறது என்று சொன்னதற்கு, பாலே என்றால் வலிக்கத்தான் செய்யும் என்றார்களாம். நான் நிறுத்திவிட்டேன். அவள் இன்னும் அந்த ஷூவைப் பீரோவில் வைத்திருக்கிறாள். எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடுவாள்.

வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சேர்க்கும் முன் வகுப்பைப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். உட்கார விடாத இடம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

---

பதில்: கொடிவேரி

அம்மிணி, உங்கள் மகள் கேட்டதை நான் முப்பத்தாறு வயதில் எனக்குள்ளே கேட்டுக்கொண்டேன். அதனால் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபி பக்கம், கொடிவேரி அணைக்கு இந்தப்புறம். நர்சிங் படித்துவிட்டு இங்கிலாந்தில் வடக்கே ஒரு ஊரில், முதியோர் இல்லத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். எழுந்திருக்க முடியாத பெரியவர்களைத் தூக்கி உட்காரவைக்கிற வேலை. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் முதுகு நிமிராது, கூனிக்கொண்டே பஸ்ஸுக்கு நிற்பேன். நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சர்ச் ஹால். வியாழக்கிழமை பொழுதோட அங்கிருந்து பியானோ சத்தம் வரும். ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது உள்ளே எட்டிப் பார்த்தேன்.

பத்துப் பன்னிரண்டு பேர், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, குதிகால்களைச் சேர்த்து வைத்து, முழங்காலை மடக்கி மடக்கி எழுந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. நான் டிவியில் பார்த்திருந்த வெள்ளைப் பாவாடையும் இல்லை, அன்னமும் இல்லை. பாதிப்பேருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், நல்ல பருமன். ஒரு பெண்ணுக்குக் காது கேட்காது, அவள் மட்டும் பியானோவின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த அதிர்வில்தான் அவளுக்குத் தாளம். டீச்சரம்மாவுக்கு எழுபது வயது. என்னைப் பார்த்ததும், ஈர ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வா என்றார். சாக்ஸோடு போய் ஒரு நாற்காலியைப் பிடித்தேன்.

அந்த மடக்கி எழுவதற்குப் பெயர் பிளியே. பிரெஞ்சில் மடக்குவது என்று அர்த்தம். டாண்டூ என்றால் நீட்டுவது, ரெலவே என்றால் உயர்த்துவது. பெயர்கள் எல்லாம் பிரெஞ்சில் இருக்கக் காரணம் உண்டு. இத்தாலி அரண்மனைகளில் ஆரம்பித்த ஆட்டம் பிரான்சுக்குப் போனது. அங்கே பதினான்காம் லூயி ராஜாவே மேடையேறி ஆடினார். 1661 இல் அதற்கென்று ஒரு அகாடமி வைத்தார். ராஜா வீட்டு ஆட்டமாகத்தான் வளர்ந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த வாசனை இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் மடக்குவதும் நீட்டுவதும் எந்த ராஜாவுக்கும் சொந்தம் இல்லையே.

அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். எனக்கு என்ன இருந்தது என்று சொல்கிறேன். பகல் முழுக்க என் கை, முதுகு, தோள் எல்லாம் அடுத்தவர் உடம்பைத் தாங்குவதற்கு. வியாழக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் என் உடம்பு எனக்கு. முதல் இரண்டு மாதம் டீச்சரம்மா நிற்க மட்டும்தான் சொல்லித்தந்தார். நம்ப மாட்டீர்கள், எனக்கு நிற்கத் தெரியவில்லை. உள்ளங்காலில் எடை எங்கே விழுகிறது, தொடை எலும்பு இடுப்பிலிருந்து எப்படித் திரும்புகிறது, கழுத்து எங்கே முடிகிறது, இதெல்லாம் எனக்கே தெரியாமல் முப்பத்தாறு வருடம் இந்த உடம்பில் குடியிருந்திருக்கிறேன். மூன்றாவது மாதம், பஸ் நிறுத்தத்தில் நேராக நின்றேன். அன்றைக்கு அழுதுவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. தினமும் அதே பிளியே. நேற்றுச் சேர்ந்தவரும் அதைத்தான் செய்கிறார், முப்பது வருடம் மேடையில் ஆடியவரும் காலையில் சுவரோரக் கம்பியைப் பிடித்து அதைத்தான் முதலில் செய்கிறார். தாண்டிப் போய்விட்டேன் என்று யாரும் விட்டுவிட முடியாது. நம் வீட்டில் அம்மாயி தினமும் வாசல் தெளித்துப் போடுவாரே கோலம், அதே ஏழு புள்ளிதான், ஆனாலும் ஒவ்வொரு நாளும் குனிந்து பார்த்துப் பார்த்துப் போடுவார். அந்த மாதிரி. ஆடுகிறவர்களுக்கு மேடை பெரிதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மேடை போய்விட்டாலும் கம்பியை விட மாட்டார்கள். கியூபாவில் அலிசியா அலோன்சோ என்று ஒருவர் இருந்தார். பத்தொன்பது வயதில் விழித்திரை விலகி ஆபரேஷன். மாதக்கணக்கில் தலையை அசைக்காமல் படுத்திருக்கச் சொன்னார்கள். படுத்தபடியே, விரல்களைக் கால்களாக வைத்துக்கொண்டு, போர்வையின் மேல் ஜிசெல் என்ற பாலேயை முழுதாக ஆடிப் பழகியிருக்கிறார். எழுந்து வந்து 1943 இல் அதே பாத்திரத்தை நியூயார்க் மேடையில் ஆடினார். பார்வை அப்புறமும் சரியாக வரவில்லை. மேடையில் எரிகிற விளக்குகளை அடையாளமாக வைத்துக்கொண்டு எழுபது வயது தாண்டியும் ஆடினார். விரலால் ஆடிப் பார்க்கிற அந்த ஆசைதான் உங்கள் பிள்ளை அடுப்பு மேடையைப் பிடித்து நிற்பது என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அவள் கேட்ட கேள்வி. ஒத்துக்குவாங்களா?

எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்று அவளிடம் பொய் சொல்லாதீர்கள். பெரிய பாலே கம்பெனிகளின், அதாவது ஆட்டக் குழுக்களின், மேடை இன்னும் குறுகலான வாசல்தான். உடம்பின் அளவு, காலின் வளைவு, இடுப்பு திரும்புகிற அளவு எல்லாம் பார்க்கிறார்கள். நிறமும் வெகுநாள் பார்த்தார்கள். ஆனால் அந்த வாசலை இடித்து உள்ளே போனவர்களின் கதை நிறைய இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் மிஸ்டி கோப்லாண்ட் என்ற கறுப்பினப் பெண், பதின்மூன்று வயதில்தான் ஆரம்பித்தார். பாலேயில் அது ரொம்பத் தாமதம். முதல் வகுப்பு நடந்தது ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கான ஒரு மன்றத்துக் கூடைப்பந்து மைதானத்தில். அவர் அம்மாவும் பிள்ளைகளும் அப்போது ஒரு மோட்டல் அறையில் குடியிருந்தார்கள். 2015 இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மை நடனக்காரர் ஆனார். அந்தக் கம்பெனியின் எழுபத்தைந்து வருடத்தில் அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். கியூபாவின் கார்லோஸ் அகோஸ்டா ஒரு லாரி டிரைவரின் மகன். அங்கே அரசே இலவசமாகச் சொல்லித்தருகிறது. நம் நாட்டிலேயே, டெல்லியில் இ-ரிக்‌ஷா ஓட்டுகிறவரின் மகன் கமல் சிங், 2020 இல் லண்டனில் இங்கிலீஷ் நேஷனல் பாலே பள்ளியில் இடம் வாங்கினார். ஃபீஸ் கட்டப் பணமில்லை, ஊரெல்லாம் சேர்ந்து போட்டுத்தான் அனுப்பினார்கள்.

நிறம் பற்றி இன்னொரு விஷயம் சொல்லணும். பாலே ஷூவும் கால் உறையும் ஏன் இளஞ்சிவப்பு தெரியுமா? வெள்ளைக்காரத் தோலோடு சேர்ந்து, இடுப்பிலிருந்து விரல் நுனி வரை கால் ஒரே கோடாகத் தெரியத்தான். என் காலில் அதைப் போட்டபோது கணுக்காலோடு கால் வெட்டுப்பட்ட மாதிரி இருந்தது. டீச்சரம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, நல்ல திக்கான டீ டிகாஷன் போட்டு, கேன்வாஸ் ஷூவை இரண்டு ராத்திரி ஊறவைத்தேன். ஏறக்குறைய என் நிறத்துக்கு வந்தது. பிறகுதான் தெரிந்தது, கறுப்பின நடனக்காரர்கள் காலங்காலமாக டீயும் முகப்பூச்சும் வைத்து இதைத்தான் செய்து வந்திருக்கிறார்கள் என்று. ஆர்தர் மிட்சல் என்பவர் 1969 இல் நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு நடனப் பள்ளி தொடங்கினார். அவருடைய கம்பெனியில் ஒவ்வொருவரும் தன் தோல் நிறத்துக்கே உறையும் ஷூவும் போட்டு ஆடினார்கள். லண்டனில் பழுப்பு நிறத்திலேயே நுனி ஷூ செய்து விற்க 2018 ஆகிவிட்டது. உங்கள் மகளிடம் இந்த டீ விஷயத்தைச் சொல்லுங்கள். நாளைக்கு அவளுக்கு ஷூ வாங்கினால் அவள் நிறத்துக்கே நனைத்துக்கொள்ளலாம்.

செலவு. ஆரம்பத்துக்கு வேண்டியது உடம்பை மறைக்காத துணி, அது அவளிடம் இருக்கிறது. அடிப்பாகம் மெல்லிய கேன்வாஸ் ஷூ சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும், அதுவும் இல்லாமல் வெறுங்காலோடு தொடங்கலாம். நுனி ஷூதான் ஆயிரக்கணக்கில் ஆகும். துணி, காகிதம், பசை எல்லாம் அடுக்கடுக்காக ஒட்டிக் கையால் செய்வது, வியர்வையில் இளகிவிடும். மேடையில் ஆடுகிறவர்கள் ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு ஒரு ஜோடியைத் தீர்த்துவிடுவார்கள். அந்தச் செலவைப் பற்றி நீங்கள் இப்போது நினைக்கவே வேண்டாம். அவிநாசி அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அவர் மகளுக்கு நடந்தது தப்பு. மூன்று மாதத்தில் அந்த ஷூவை மாட்டச் சொல்கிறவருக்குப் பாலே தெரியாது.

பணத்தைவிடப் பெரிய தடை தரை. நம் வீடுகளில் டைல்ஸ், கிரானைட், சிமெண்ட். குதித்து இறங்கினால் அடி முழுக்க முழங்காலுக்கும் கெண்டைக்கால் எலும்புக்கும் போகும். பாலே தரை என்றால் கீழே இடைவெளி விட்டுப் பலகை அடித்து, கால் பட்டால் இலேசாக இறங்கி எழ வேண்டும். நான் ஊருக்குத் திரும்பி வந்தபோது மாமனாரின் பழைய பட்டுப்புழு ஷெட் சும்மா கிடந்தது. லாரி டியூப்பை வெட்டிப்போட்டு, மேலே ரீப்பர் அடித்து, பிளைவுட் போட்டேன். ஆசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். முடித்தபின் அவரே ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டு, நல்லா இருக்குதுங்க என்றார். வீட்டில் உங்கள் மகளை மடக்க, நீட்ட, நிற்க விடுங்கள். குதிக்க வேண்டாம். பவானி ஜமக்காளத்தின் மேல் சுற்றவும் விடாதீர்கள், துணி பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், முழங்கால் திருகிவிடும்.

எனக்குச் சர்டிபிகேட் கிடையாது, நான் டீச்சர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஷெட்டில் நான் கம்பி பிடித்து நிற்பேன், பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் கூட நிற்பார்கள். காசு வாங்குவதில்லை. குன்னத்தூர் வழியாக வருகிற கோபி பஸ் உங்கள் ரோட்டில்தானே வருகிறது. வந்து பாருங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் அவளுக்கு ஆசை நின்றால், முறையாகப் படித்த ஆசிரியர் வேண்டும். அதற்குக் கோவையோ பெங்களூரோ போகத்தான் வேண்டியிருக்கும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

---

பதில்: அரைமண்டி (ஈரோடு)

இருபத்திரண்டு வருடமாகப் பரதம் சொல்லித்தருகிறேன். அதுவாவது நம்முடையது என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பாலே ஆடிய அன்னா பாவ்லோவா என்று ரஷ்யாவில் ஒருவர் இருந்தார். 1881 இல் பிறந்தவர், துணி வெளுக்கிற அம்மாவின் மகள். நோஞ்சான் என்று நடனப் பள்ளியில் முதலில் சேர்த்துக்கொள்ளவில்லை. பத்து வயதில்தான் இடம் கிடைத்தது. பிறகு கப்பலேறி உலகம் முழுக்க ஆடினார். நம் ருக்மிணி தேவி அருண்டேல் அவர் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்து, அவருடைய குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றுக்கொண்டார். உன் நாட்டு நடனத்தைத் தேடிப் பார் என்று அவரிடம் சொன்னதே பாவ்லோவாதான். அப்புறம்தான் ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார், 1936 இல் கலாக்ஷேத்ரா வந்தது. அதனால் பாலே அந்நியம், பரதம் சொந்தம் என்று சுவர் எழுப்ப வேண்டாம். அதற்கு முன் இந்த ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்திருந்த தேவரடியார் வீட்டுப் பெண்களுக்கோ ஊரில் மரியாதை இல்லை. ஆட்டம் சபைக்கு வந்தபோது அவர்களில் பலர் வெளியே நின்றுவிட்டார்கள். எது யாருடையது என்று பேசும்போது எனக்கு அவர்கள் நினைவு வந்துவிடும்.

உடம்புக்கும் இரண்டும் தூரம் இல்லை. நம் அரைமண்டிதான் அவர்களுடைய பிளியே, தொடை வெளிப்பக்கம் திரும்பி முழங்கால் மடங்குவது. நாம் அங்கேயே இருந்துகொண்டு பூமியைத் தட்டுகிறோம், அவர்கள் அங்கிருந்து பூமியை விட்டு எழும்பப் பார்க்கிறார்கள். ஒருநாள் மகளைப் பேரூருக்குக் கூட்டிப்போங்கள். பட்டீஸ்வரர் கோவில் கனகசபையில் ஊர்த்துவ தாண்டவர் தூணில் நிற்கிறார், ஒற்றைக் காலை அப்படியே தலைக்கு மேல் தூக்கி. அவள் போனில் பார்க்கிற காலைத் தூக்கும் நிலை அங்கே கல்லில் இருக்கிறது. பக்கத்தில் ஆலங்காட்டுக் காளியும் இருக்கிறாள். அவளை ஒல்லி என்று யாரும் சொல்ல முடியாது.

பரதம் மலிவு என்றும் நினைத்துவிடாதீர்கள். அரங்கேற்றம் என்று வந்தால் பட்டு, நகை, பாட்டு, மிருதங்கம், மண்டபம், சாப்பாடு என்று லட்சங்களில் போகிறது. ஐந்தாறு வருடம் நன்றாக ஆடிவிட்டு அந்தச் செலவுக்குப் பயந்து நின்றுவிட்ட பிள்ளைகள் என்னிடமே உண்டு. அதனால் நான் அரங்கேற்றத்தைக் கோவில் நோம்பியோடு வைத்துவிடுகிறேன். சலுகைக் கட்டணத்தில் கற்க வேண்டுமென்றால் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் ஐந்து வயதிலிருந்து பதினாறு வயதுவரை சேர்க்கிறார்கள், விடுமுறை நாளில் நடக்கும். அங்கே பாலே இருக்காது. ஆனால் தாளம், நிற்கிற முறை, கூட்டத்தில் ஆடுகிற கூச்சமின்மை எல்லாம் வரும். அது எந்த ஆட்டத்துக்கும் உதவும்.

---

பதில்: எலும்பும் மூட்டும் (பெருந்துறை)

பிசியோதெரபிஸ்ட். கால் கெடுமா என்ற கேள்விக்கு மட்டும்.

வெறுங்காலில் குதிகாலைத் தூக்கி விரல்களின் அடிப்பந்தில் நிற்பது வேறு, ஷூ போட்டு விரல் நுனியில் நிற்பது வேறு. முதலாவது எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் செய்யாது. இரண்டாவதைப் பொதுவாகப் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு முன் தொடங்க மாட்டார்கள். அதுவும் வயதை மட்டும் வைத்து இல்லை. சில வருடப் பயிற்சி இருந்து, கணுக்காலும் பாதமும் வயிற்றுத் தசையும் தாங்குகிறதா என்று பார்த்துத்தான். பாத எலும்புகள் அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும்போது முழங்காலும் அதே திசையைப் பார்க்கணும். பாதம் மட்டும் திரும்பி முழங்கால் முன்னால் நின்றால் திருகல் முழுக்க முழங்காலில். திருப்பம் இடுப்பிலிருந்து வர வேண்டும், வருகிற அளவு போதும். அப்புறம், விளையாட்டுக்கு நுனிக்காலில் நடக்கிறாள் என்றால் சரி. சொன்னாலும் குதிகாலைத் தரையில் வைக்க வரவில்லை, கெண்டைக்கால் இறுக்கமாக இருக்கிறது என்றால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

---

பதில்: காரமடைக் கும்மி

பொட்டப்பிள்ளைக்கு எதற்கு என்று உங்கள் மாமியார் சொன்னதைப் படித்தேன். எங்கள் வள்ளி கும்மியையும் ஒரு காலத்தில் ஆண்கள் மட்டும்தான் ஆடினார்கள். எங்கள் பக்கத்துப் பத்ரப்பன் ஐயாதான் பெண்களுக்கும் சொல்லித்தந்தார். 2024 இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, அப்போது அவருக்கு எண்பத்தேழு வயது. இன்றைக்கு எந்த நோம்பிக்குப் போனாலும் வட்டத்தில் பெண்கள்தான் அதிகம். என் அம்மா அறுபது வயதில் கற்றுக்கொண்டு ஆடுகிறார். மாமியாரையே ஒருநாள் கும்மி பார்க்கக் கூட்டிவாருங்கள்.

---

மீண்டும்: செக்கிங் டேபிள் (திருப்பூர்)

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து இரண்டு முறை படித்தேன். காலையில் மகளுக்கு உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். துணி வெளுக்கிறவர் மகள் என்ற இடத்தில் நிறுத்தி, "நம்ம மாதிரியா?" என்றாள். ஆமாம் சாமி, நம்மை மாதிரிதான் என்றேன். எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் டீத்தூள் டப்பாவை எடுத்துப் பார்த்தாள்.

குதிகாலைத் தரையில் வைக்கிறாள், அது நன்றாக வருகிறது. பிசியோ சாருக்கு நன்றி.

அவிநாசி அண்ணா, உங்கள் மகளுக்கு இப்போது பதினொன்று ஆகியிருக்குமே. கொடிவேரி அக்கா ஷெட்டுக்கு நாங்கள் போகும்போது அவளையும் கூட்டிவருகிறீர்களா?

கொடிவேரி அக்கா, இந்த ஞாயிறு ஷிப்மென்ட் இருக்கிறது, அடுத்த ஞாயிறு வருகிறோம். அதுவரை வீட்டில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்துத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அவராகத்தான் சொன்னார். எவ்வளவு உயரத்தில், எந்தப் பைப் போடணும்? அடுப்பு மேடை அவளுக்கு உயரம், தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

---

பதில்: கொடிவேரி

தோள் தூக்கினால் உயரம் அதிகம் என்றுதான் அர்த்தம், சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். அவளை நேராக நிற்கவைத்து, கையை இலேசாக முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கி, தோள் இறங்கி இருக்கணும். கை எங்கே வருகிறதோ அங்கே சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள், இடுப்புக்குச் சற்று மேலே வரும். வளர்கிற பிள்ளை, அதனால் மேலே இன்னொரு ஜோடித் துளையும் இப்போதே போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

ஒன்றேகால் இஞ்ச் ஜிஐ பைப் போதும், நாலடி நீளம். சுவரிலிருந்து அவள் கை முட்டி இடிக்காத அளவு தள்ளி வரணும். பைப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள், வெட்டின முனையில் மூடி போட மறக்க வேண்டாம். கெட்டியாகப் பிடித்துத் தொங்கக் கூடாது, விரல்களை மேலே வைத்தால் போதும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு ஏழரை பஸ்ஸில் ஏறினால் வெயிலுக்கு முன்னால் வந்துவிடலாம். நிறுத்தத்தில் நான் நிற்பேன். கறுப்பு உடுப்பையே போட்டுக் கூட்டிவாருங்கள், மேலே ஒரு சட்டை மாட்டிவிட்டால் போதும். அவிநாசி அண்ணா, உங்கள் மகளிடம் அந்த ஷூவையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்ததா, எங்கே கடித்தது என்று பார்த்துச் சொல்கிறேன்.